மளிகை 6,200 என்று எழுதுவது கணக்கு இல்லை

மாதச் செலவை எழுதிவைக்கும் வீடுகளில் நோட்டு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: மளிகை 6,200, காய்கறி 2,400, பால் 1,800, கரண்ட் 2,376, கேஸ் 868. மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்து, போன வருடத்தைவிட இரண்டாயிரம் கூடிவிட்டது என்று அலுத்துக்கொண்டு மூடிவைத்துவிடுவார்கள். அந்த இரண்டாயிரம் விலை ஏறியதால் வந்ததா, வீட்டில் புழக்கம் கூடியதால் வந்ததா என்பதை அந்த நோட்டைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. விலை ஏறியிருந்தால் கடையை, பிராண்டை, பொருளை மாற்றலாம். புழக்கம் கூடியிருந்தால் எந்தக் கடைக்குப் போனாலும் பயனில்லை.

ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று எண் வேண்டும்: எவ்வளவு வாங்கினோம், என்ன விலைக்கு, மொத்தம் எவ்வளவு. எல்லாப் பொருளுக்கும் வேண்டாம். கடுகுக்கும் பெருங்காயத்துக்கும் இப்படி எழுத ஆரம்பித்தால் பத்தாம் நாள் கைவிட்டுவிடுவீர்கள். அரிசி, எண்ணெய், துவரம்பருப்பு, உளுந்து, பால், முட்டை, வெங்காயம், தக்காளி, சிலிண்டர், மின்சார யூனிட், பெட்ரோல். இந்தப் பதினொன்று போதும். வாடகை, பள்ளிக் கட்டணம், கடன் தவணை நீங்கலாக ஒரு வீட்டின் செலவில் பெரும்பகுதி இவற்றில்தான் இருக்கிறது.

எண்ணெயை எடுத்துக்கொள்வோம். போன வருடம் இதே மாதம் 3 லிட்டர், லிட்டர் 120 ரூபாய், ஆக 360. இந்த வருடம் 4 லிட்டர், லிட்டர் 150, ஆக 600. கூடியது 240 ரூபாய். விலை ஏறியது 30 ரூபாய். அதைப் பழைய அளவான 3 லிட்டரால் பெருக்கினால் 90. மீதி 150 ரூபாய், கூடுதலாக ஊற்றிய ஒரு லிட்டருக்கு. எண்ணெய் விலையைத் திட்டிக்கொண்டிருக்கும் இந்த வீட்டில் பாதிக்கு மேல் போனது வடைக்கும் அப்பளத்துக்கும்தான். நான்கு பேர் வீட்டுக்கு மாதம் இரண்டரை முதல் மூன்று லிட்டர் தாராளம் என்பது என் கணக்கு. அதற்கு மேல் போனால், விலையைப் பேசுமுன் பொரித்த எண்ணெய் என்ன ஆகிறது என்று பாருங்கள்.

விலை ஏற்றம் பொய் என்று சொல்லவரவில்லை. 2024 செப்டம்பரில் கச்சா சமையல் எண்ணெய்க்கான அடிப்படை இறக்குமதி வரியை மத்திய அரசு பூஜ்ஜியத்திலிருந்து 20 சதவீதமாகவும், சுத்திகரித்த எண்ணெய்க்கு 12.5-லிருந்து 32.5 சதவீதமாகவும் உயர்த்தியது. அந்தத் தீபாவளிக்கு முறுக்கு சுட்டவர்களுக்கு அது எப்படி இறங்கியது என்று தெரியும். 2025 மே கடைசியில் கச்சா எண்ணெய் வரியை 10 சதவீதமாகக் குறைத்தார்கள். ஏறும்போது ஒரே வாரத்தில் ஏறிய கடை விலை, குறையும்போது ஆற அமரத்தான் வந்தது. தேதியும் விலையும் நோட்டில் இருந்தால்தான் இது கண்ணுக்குப் படும்.

ஒப்பிடுவது போன மாதத்தோடு அல்ல, போன வருடம் இதே மாதத்தோடு. ஆடியும் ஐப்பசியும் ஒரே மாதிரி செலவாகாது. வெயில் காலக் கரண்ட் பில்லைக் கார்த்திகை பில்லோடு வைத்துப் பார்த்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

செய்தியில் சொல்லும் பணவீக்க விகிதத்தை வைத்து உங்கள் வீட்டுக்குத் திட்டம் போடவும் வேண்டாம். 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் உணவு, பானங்களுக்கு 45.86 சதவீதம் எடை, அதாவது பங்கு, வீட்டு வசதிக்கு 10.07 இருந்தது. அதன் கிராமப்புறக் குறியீட்டில் வீட்டு வசதிக்கு எடையே இருக்கவில்லை. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை வாடகைக்குக் கொடுக்கும் சென்னைக் குடும்பத்துக்கும், சொந்த வீட்டில் இருந்துகொண்டு சம்பளத்தில் பாதியைச் சாப்பாட்டுக்கே கொடுக்கும் திருவாரூர்க் குடும்பத்துக்கும் அந்த ஒற்றை எண் பொருந்தாது. மேலே சொன்ன பதினொன்றின் விலையை மாதம் ஐந்தாம் தேதி எழுதி, உங்கள் வழக்கமான அளவால் பெருக்கிக் கூட்டுங்கள். போன வருடத் தொகையைவிட அது எத்தனை சதவீதம் கூடியிருக்கிறதோ, அதுதான் உங்கள் வீட்டு விலைவாசி.

கரண்ட் பில்: 500-வது யூனிட்

அளவு தெரியாமல் இருப்பதற்கு அதிக அபராதம் கட்டும் இடம் மின்சாரம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. 2024 ஜூலைக் கட்டணத் திருத்தத்தின்படி, மொத்தப் புழக்கம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், 101 முதல் 200 வரை யூனிட் 2.35, 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. 2025 ஜூலை உயர்வை வீடுகளுக்கு அரசே ஏற்றுக்கொண்டது. இதன்படி 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய்.

501-ஐத் தொட்டால் 2.35 என்ற சலுகை விலையே இல்லாமல் போகிறது. 101-லிருந்து 400 வரை முழுவதற்கும் 4.70, 401 முதல் 500 வரை 6.30, அதற்கு மேல் 600 வரை 8.40. கூட்டினால் 501 யூனிட்டுக்கு 2,048 ரூபாய் 40 காசு. கடைசி ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய். பலர் நினைப்பதுபோல மேலே போன யூனிட்டுக்கு மட்டும் விலை கூடவில்லை, கீழே உள்ளதற்கும் சேர்ந்து கூடுகிறது.

540 யூனிட் ஓடும் வீட்டுக்கு 2,376 ரூபாய் வரும். 40 யூனிட்டைக் குறைத்தால் மிச்சம் 571 ரூபாய், யூனிட்டுக்குப் பதினான்கு ரூபாய்க்கு மேல். 300 யூனிட் ஓடும் வீட்டில் அதே 40 யூனிட்டைக் குறைத்தால் மிச்சம் 188 ரூபாய்தான். எனவே மின்சாரச் சிக்கனம் எல்லோருக்கும் ஒரே அளவு பலன் தராது. 460-லிருந்து 560-க்குள் இருக்கும் வீடுகள்தான் இதில் தலையைக் கொடுத்துப் பார்க்கவேண்டியவை.

எங்கே குறைப்பது? பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும்; மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் உள்ள பிஎல்டிசி ஃபேன் முழு வேகத்தில் 30 வாட் அளவில் நிற்கும். 45 வாட் வித்தியாசம், நாளுக்கு 14 மணி நேரம், 60 நாள் என்றால் 38 யூனிட். 540 ஓடும் வீட்டில் ஒரு ஃபேனை மாற்றினால் 502-க்கு வரும். மிஞ்சிய அந்த 2 யூனிட்டுக்காக 252 ரூபாய் கட்டவேண்டியிருக்கும், ஆகவே மாற்றினால் இரண்டாக மாற்றுங்கள். பழைய பெட்டி ரெகுலேட்டரில் வேகத்தைக் குறைத்தால் ஓரளவு மின்சாரம் ரெகுலேட்டரிலேயே சூடாகி வீணாகும். எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் அந்தக் குறை இல்லை. டிவியை ரிமோட்டில் மட்டும் அணைத்துவிட்டு செட்டாப் பாக்ஸை ஓடவிட்டால், 8 வாட் என்று வைத்தாலும் இரண்டு மாதத்தில் 11 யூனிட். கிரைண்டரை யாரும் குறை சொல்ல வேண்டாம். 150 வாட் மோட்டார் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்டில் பதின்மூன்றில் ஒரு பங்கு. வாட்டர் ஹீட்டர் அப்படியல்ல: 2,000 வாட், தினம் இருபது நிமிடம் என்றால் இரண்டு மாதத்துக்கு 40 யூனிட்.

ரீடிங் எடுக்க வருபவர் 60-வது நாள் வருவார் என்று நம்பியிருக்கக் கூடாது. 64-ம் நாள் வந்தால், நாளுக்கு 8 யூனிட் ஓடும் வீடு அந்த நான்கு நாளிலேயே 480-லிருந்து 512-க்குப் போய்விடும். போன ரீடிங்கும் தேதியும் மின் அட்டையிலோ பில்லிலோ இருக்கும். 45-ம் நாள் மீட்டரில் கிலோவாட் மணி காட்டும் எண்ணைப் பார்த்து, பழையதைக் கழித்து 45-ஆல் வகுங்கள். மீதி நாளுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். மீட்டர் திரையில் பல எண்கள் மாறி மாறி வரும்; மேக்சிமம் டிமாண்டை, அதாவது ஒரே நேரத்தில் இழுத்த உச்ச அளவைப் பார்த்து யூனிட் என்று எழுதிவிடுபவர்கள் உண்டு. கே.டபிள்யூ.எச். என்று ஓரத்தில் தெரிவதைத்தான் எடுக்கவேண்டும்.

வாடகை வீட்டில் ஹவுஸ் ஓனர் தனி சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, ஒன்பது ரூபாய் என்று வாங்கினால் மேற்சொன்ன கணக்கு எதுவும் செல்லாது. இலவச 100 யூனிட்டும் உங்களுக்கு வராது. வீடு பார்க்கும்போதே இதைக் கேட்டு, வாடகையோடு கூட்டி ஒப்பிடவேண்டும். மாதம் 200 யூனிட் ஓடும் குடும்பத்துக்கு, தனி இணைப்பு உள்ள வீட்டின் வாடகை ஐந்நூறு ரூபாய் கூட இருந்தாலும் அதுதான் மலிவு.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023-ல் வந்தபோது வைத்த தகுதிகளில் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் மின்சாரம் என்பதும் ஒன்று. அதாவது ஒரு பில்லுக்குச் சராசரி 600. மாதம் ஆயிரம் ரூபாய் சம்பந்தப்பட்ட எண் என்பதால் இதையும் நோட்டின் ஓரத்தில் குறித்துவைக்கலாம்.

பொட்டலமும் மூட்டையும்

எண்ணெய் பாக்கெட்டைக் கையில் எடுத்தால் முதலில் பார்க்கவேண்டியது அளவு. ஒரு லிட்டர் பாக்கெட்டின் பக்கத்தில், அதே உயரத்தில், 850 மில்லி பாக்கெட் இருக்கும். ஒரு லிட்டர் 160, 850 மில்லி 142 என்றால் இரண்டாவது மலிவுபோலத் தெரியும். லிட்டருக்குக் கணக்கிட்டால் 167. சில பாக்கெட்டில் கிராமில் போட்டிருப்பார்கள். சூரியகாந்தி எண்ணெய் ஒரு லிட்டர் ஏறக்குறைய 910 கிராம் எடை. ஆகவே ஒரு கிலோ டின் ஒரு லிட்டருக்கு மேல், 800 கிராம் பாக்கெட் ஏறக்குறைய 880 மில்லி. பொட்டலத்தில் ஒரு கிராமுக்கோ கிலோவுக்கோ மில்லிக்கோ என்ன விலை என்பதையும் இப்போது அச்சிட்டாகவேண்டும். பொடி எழுத்தில் எம்.ஆர்.பி. பக்கத்திலேயே இருக்கும். பிஸ்கட், ஷாம்பு, சோப்புத் தூள் வாங்கும்போது அதை மட்டும் ஒப்பிட்டால் போதும், மூளையைக் கசக்க வேண்டாம். ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பாக்கெட்டுகளில் விலை ஏறுவதே இல்லை, கிராம்தான் இறங்கும்.

2025 செப்டம்பர் 22-லிருந்து சோப்பு, பற்பசை, ஷாம்பு, தலைக்கு வைக்கும் எண்ணெய்க்கு ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவீதம் ஆனது. 118 ரூபாய்ப் பொருள் 105 ஆகவேண்டும், கிட்டத்தட்ட 11 சதவீதக் குறைப்பு. வெண்ணெய், நெய் 12-லிருந்து 5. உங்கள் நோட்டில் பழைய விலை இருந்தால், நீங்கள் வாங்கும் பிராண்டில் அந்தக் குறைப்பு வந்ததா, கிராமைக் கூட்டினார்களா, ஒன்றுமே செய்யவில்லையா என்று ஒரு நிமிடத்தில் தெரியும்.

அரிசி மூட்டைகள் 26 கிலோவாக ஆனதற்கும் வரிதான் காரணம். 2022 ஜூலை 18-லிருந்து 25 கிலோ வரை உள்ள, முன்கூட்டியே பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. 26 கிலோ மூட்டைக்கு அது இல்லை. ஆகவே 25 கிலோவையும் 26 கிலோவையும் மூட்டை விலையில் ஒப்பிடாமல் கிலோ விலையில் ஒப்பிடுங்கள். மூட்டையாக வாங்கினால் கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய் மிச்சம் என்பது உண்மை. வண்டு விழுந்தால் அந்த மிச்சம் போச்சு. காற்றுப் புகாத டின், உள்ளே காய்ந்த வேப்பிலை அல்லது மிளகாய் வற்றல், ஈரக்கை படாமல் இருத்தல். இடமில்லாத வீட்டில் பத்து கிலோவாக வாங்குவதே லாபம்.

ரேஷனைக் கௌரவத்துக்காக விடுபவர்களை எனக்குப் புரிவதில்லை. அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25. வெளியில் பருப்பு இதைப்போல மூன்று நான்கு மடங்கு. பருப்பும் எண்ணெயும் மாதக் கடைசியில் தீர்ந்துபோகும், ஆகவே முதல் பத்து நாளில் போய்விடவேண்டும். ரேஷன் புழுங்கலரிசி சோற்றுக்குப் பிடிக்காவிட்டால் இட்லிக்குப் போடலாம். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. ஒரு கிலோ அரிசியும் கால் கிலோ உளுந்தும் ஆட்டினால் மூன்று கிலோ மாவு வரும். கடை மாவு கிலோ நாற்பது, ஐம்பது என்று விற்கும்போது இதற்கு ஆவது உளுந்தின் விலை மட்டும். வாரம் மூன்று கிலோ மாவு வாங்கும் வீட்டுக்கு மாதம் நானூறு ரூபாய் அளவில் நிற்கும். ரேஷன் அரிசி மட்டும் போட்டால் சில மாதம் இட்லி கல்லாகிவிடும். பாதிக்குப் பாதி இட்லி அரிசி கலந்தால் சரியாகும்.

காய்கறியில் அளவு எழுதுவது கடினம், விலை தினம் மாறும். இங்கே செய்யக்கூடியது வேறு: தக்காளியையும் வெங்காயத்தையும் மட்டும் கிலோ விலையோடு எழுதி, தக்காளி 80-ஐத் தாண்டினால் புளி, மாங்காய், எலுமிச்சைக் குழம்புகளுக்கு மாறிவிடுவது என்று முன்பே முடிவு செய்துகொள்வது. 2023 ஜூலையில் தக்காளி நூறைத் தாண்டி ஏறியபோது அரசு பண்ணை பசுமைக் கடைகளிலும் ரேஷன் கடைகளிலும் 60 ரூபாய்க்கு விற்றது. அதற்கு வரிசையில் நின்ற நேரத்தில் மோர்க்குழம்பு வைத்திருக்கலாம். உழவர் சந்தையில் அன்றைய விலையைப் பலகையில் எழுதிவைப்பார்கள். அதைப் படம் எடுத்துக்கொண்டால், தெருக்கடையில் எவ்வளவு கூட வைக்கிறார்கள் என்று ஒரு பிடி கிடைக்கும்.

விலைவாசி ஏறும்போது வீடுகள் செய்யும் பெரிய தவறு, அரிசியை அப்படியே வைத்துக்கொண்டு பருப்பு, முட்டை, பாலைக் குறைப்பது. நோட்டில் பார்த்தால் அது மிச்சம்தான். ஆனால் ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம் இருக்கிறது. ரேஷன் பருப்பு ஒரு கிலோவில் இருநூறு கிராமுக்கு மேல். இந்த விலைக்கு இவ்வளவு தரும் பொருள்கள் குறைவு. குறைக்கவேண்டியதை ஸ்விக்கியிலும் பேக்கரியிலும் தேடுங்கள்.

சிலிண்டருக்கு நோட்டே வேண்டாம். மாட்டிய தேதியைச் சாக்பீஸால் அதன் மேலேயே எழுதுங்கள். சென்னையில் 14.2 கிலோ சிலிண்டர் 2023 மார்ச்சில் 1,118.50, ஆகஸ்ட் கடைசியில் 918.50, 2024 மார்ச்சில் 818.50, 2025 ஏப்ரலில் 868.50. இந்த ஏற்ற இறக்கம் நம் கையில் இல்லை. 35 நாள் வருகிறதா, 42 நாள் வருகிறதா என்பது பெரும்பாலும் நம் கையில்தான். 868.50 விலையில் அந்த ஏழு நாள் வருடத்துக்கு 1,500 ரூபாய். திடீரென்று நாள் குறைந்தால் மூன்றைப் பாருங்கள்: பர்னர் துளை அடைத்து தீ மஞ்சளாக எரிகிறதா, குக்கர் கேஸ்கெட் தளர்ந்து விசில் தாமதமாகிறதா, சிலிண்டர் எடையே குறைவாக வந்ததா. காலி சிலிண்டரின் எடை அதன் மேலேயே பொறித்திருக்கும், அதோடு 14.2-ஐக் கூட்டினால் வரவேண்டிய எடை. கொண்டுவருபவரிடம் தராசு இருக்கவேண்டும், எடை போட்டுக்காட்டச் சொல்லலாம்.

மாதத்தில் வராத செலவு

மளிகையை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் பட்ஜெட் உடைவது அங்கே அல்ல. ஜூன் பள்ளிக் கட்டணம், வண்டி இன்சூரன்ஸ், சொத்துவரி, தீபாவளி, பொங்கல், மொய். எதுவும் எதிர்பாராத செலவு இல்லை, ஆனாலும் வருடா வருடம் கைமாற்று வாங்கித்தான் நடக்கிறது. ஒரு மாதிரிக் கணக்கு: பள்ளி 36,000, தீபாவளி 15,000, மொய் 12,000, வண்டி 6,000, மருத்துவம் 6,000, பொங்கல் 5,000, சொத்துவரி 4,000. மொத்தம் 84,000, மாதத்துக்கு 7,000. சம்பளம் 35,000 என்றால், உண்மையில் கையில் இருப்பது 28,000 மட்டுமே. இதை ஏற்றுக்கொள்ள மறுப்பதால்தான் ஜூன் மாதம் நகை அடகுக் கடைக்குப் போகிறது.

மொய்யைத் தனியாகச் சொல்லவேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் ஒன்றும் இருக்காது. ஆவணி, தை, வைகாசியில் ஒரே வாரத்தில் மூன்று பத்திரிகை வரும். பழைய மொய் நோட்டைப் புரட்டி, நமக்குச் செய்தவர்களில் யார் வீட்டில் இந்த வருடம் விசேஷம் வரும் என்று பட்டியல் போட்டால் தொகை ஏறக்குறைய தெரிந்துவிடும். அது செலவு அல்ல, பழைய கடன், குறைக்க வழியில்லை.

இந்த 7,000-ஐ எங்கே வைப்பது? தபால் அலுவலக ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) ஐந்து வருடத்துக்கு, ஆகவே இதற்கு ஆகாது. வங்கியில் ஆறு மாதம், ஒரு வருடத்துக்கும் ஆர்.டி. உண்டு. பள்ளிக் கட்டணத்துக்கு ஜூனில் முதிர்கிற மாதிரி ஒன்று போடலாம். மற்றதற்கு, ஜிபே, போன்பே எதிலும் இணைக்காத இன்னொரு சேமிப்புக் கணக்கு. சம்பளம் வந்த மறுநாள் தானாக அங்கே போகும்படி நிரந்தர உத்தரவு கொடுத்துவிடவேண்டும். சென்னையில் சொத்துவரியை அரையாண்டின் முதல் 30 நாளில், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை. பணம் தனியாக இருப்பவர்களுக்குத்தான் அது கிடைக்கிறது.

கடன் வட்டியும் மளிகைபோல நோட்டில் ஒரு வரியாக வரவேண்டும். ஒரு லட்சம் நகைக்கடனுக்கு 12 சதவீதம் என்றால் மாதம் ஆயிரம். வருடக் கடைசியில் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கும் வீடுகளில் அந்த ஆயிரம் யார் கண்ணிலும் படுவதில்லை. கிரெடிட் கார்டு இதைவிட மோசம். 20,000 பாக்கி, மாதம் 3.5 சதவீதம் என்றால் வட்டி 700, அதன்மேல் ஜிஎஸ்டி 126. குறைந்தபட்சத் தொகை என்று 1,000 கட்டினால் அசலில் கழிவது 174 ரூபாய். நகைக்கடன் எடுத்தாவது கார்டு பாக்கியை அடைப்பது இங்கே சரியான முடிவு, கார்டை அலமாரியில் வைத்துப் பூட்ட முடியுமானால். கார்டு பில்லின் கடைசித் தேதி 28 என்று இருந்து சம்பளம் 1-ம் தேதி வருவதால் மட்டுமே தாமதக் கட்டணம் கட்டுபவர்கள் நிறைய. பில் சுழற்சியை ஒருமுறையாவது மாற்றிக்கொள்ள அனுமதிக்கவேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. கஸ்டமர் கேரில் கேட்டு 5-ம் தேதிக்கு மேல் மாற்றிக்கொள்ளுங்கள்.